திரையில் மலர்ந்த தோழமை

மக்கள் கூடி ஆடுவதற்குக் கண்ட கருவிகள் பல. சொக்கட்டானும் சதுரங்கமும் எதிரில் ஒருவர் இருந்தாலன்றி நடவா. பந்தாட்டத்திற்கு இரு திறத்தாரும் வேண்டும். ‘வீடியோ கேம்’ என்று இன்று உலகெங்கும் வழங்கும் திரை விளையாட்டும், பிறந்தபோது இருவர்க்கு உரிய விளையாட்டாகவே பிறந்தது. பொறியின் முன்னே தனித்திருந்து பொழுதைப் போக்கும் பழக்கத்தை அது வளர்த்துவிட்டது என்று பெரியோர் பலர் குறை கூறுவர். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், அதன் வரலாற்றை முதலிலிருந்து நோக்குவார்க்கு வேறொரு போக்கும் புலனாகும்.

1958ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அமெரிக்க நாட்டின் லாங் தீவிலுள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டது. அணு ஆராய்ச்சி நடைபெறும் இடம் அது. ஆண்டுதோறும் சில நாட்கள் மக்கள் வந்து காண்பதற்கு இசைவு தருவது அங்கே வழக்கம். அசையாத கருவிகளையும் படங்களையும் கண்டு மக்கள் சலிப்படைவதை வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியல் அறிஞர் உணர்ந்தார். மின் அலைகளின் வடிவைக் காட்டும் அலைகாட்டி ஒன்றின் ஐந்து அங்குல வட்டத் திரையில் ஒரு டென்னிஸ் களத்தை அமைத்தார். கிடையாக ஒரு கோடு; அதுவே தரை. நடுவே நிமிர்ந்த சிறு கோடு; அதுவே வலை. அங்கும் இங்கும் பறக்கும் ஒளிப்புள்ளியே பந்து. ஆடுவோர் இருவர் கையிலும் ஒவ்வொரு சிறு பெட்டி இருக்கும். அதிலுள்ள குமிழைத் திருகினால் பந்து செல்லும் கோணம் மாறும். பொத்தானை அழுத்தினால் பந்து அடிபடும். இவ்வளவே ஆட்டம். ஆயினும், மற்றைக் கருவிகளையெல்லாம் விட்டுவிட்டு மக்கள் இதன்முன் நீண்ட வரிசையில் காத்து நின்றனர்.

ஹிகின்பாதம் இதனைப் பெரிதாக எண்ணவில்லை. உரிமைப் பதிவும் செய்துகொள்ளவில்லை. மறு ஆண்டு சற்றுப் பெரிய திரையில் மீண்டும் ஒருமுறை காட்டிய பின்னர், அதன் உறுப்புகளைப் பிரித்து வேறு வேலைகளுக்குப் பயன்படுத்திக்கொண்டனர். உலகப்போர்க் காலத்தில் அணுகுண்டு ஆக்கத்தில் பங்குகொண்டு, பின்னர் அணுப்படைக்கலம் பரவாமல் தடுக்கப் பல்லாண்டு உழைத்தவர் அவர். அவ்வுழைப்பாலன்றி ஒரு விளையாட்டுப் பொம்மையால் தம் பெயர் நிலைப்பதை அவர் விரும்பினாரல்லர்.

1962ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து இளைஞர் சிலர் ‘ஸ்பேஸ்வார்’ என்னும் விண்வெளிப்போர் ஆட்டத்தைக் கணிப்பொறியில் அமைத்தனர். அதிலும் கலங்கள் இரண்டு, செலுத்துவோர் இருவர். 1972இல் கடைகளில் காசு போட்டு ஆடுமாறு வந்த ‘பாங்’ என்னும் பந்தாட்டமும் இருவர்க்கே உரியது. எதிராளியாக நின்று ஆடும் திறமையைப் பொறிக்குப் புகட்டுவது அக்காலத்தில் எளிதாக இல்லை. பக்கத்தில் நின்ற நண்பனே அக்குறையைப் போக்கினான். 1978இல் ஜப்பானில் தோன்றிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ போன்ற ஆட்டங்களில்தான், ஒருவன் தனித்து நின்று பொறியோடு பொருதும் முறை பெருவழக்காயிற்று. அப்பொழுதும் ஆடுபவனைச் சூழ்ந்து ஒரு கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. பின்னர், ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ 1983இல் வீட்டுக்கென்று விற்ற ‘ஃபேமிகாம்’ பெட்டியில் கைப்பிடிகள் இரண்டு இணைத்தே வந்தன. முதற் கைப்பிடி யாருக்கு, இரண்டாவது யாருக்கு என்று உடன்பிறந்தார் இட்ட சச்சரவு எந்த நாட்டிற்கும் புதிதன்று.

திரை விளையாட்டோடு வளர்ந்த தலைமுறையின் கதை இங்கேதான் தொடங்குகிறது. அத்தலைமுறையில் முற்பட்டவர் சதோஷி தஜிரி என்பவர். 1965ஆம் ஆண்டில் பிறந்த இவர், தோக்கியோ நகரின் புறத்தேயுள்ள மச்சிதா என்னும் ஊரில் வளர்ந்தார். வயல்களிலும் குளக்கரைகளிலும் திரிந்து வண்டுகளைப் பிடித்துச் சேர்ப்பது அவருடைய இளமைப் பொழுதுபோக்கு. நகரம் பரவப் பரவக் குளங்கள் தூர்ந்தன, வயல்கள் கட்டடங்களாயின, வண்டுகள் மறைந்தன. வண்டு தேடிய சிறுவர் திரை விளையாட்டுக் கூடங்களுக்குச் செல்லலாயினர். தஜிரியும் சென்றார், அவ்விளையாட்டுகளில் ஆழ்ந்து, அவற்றைப் பற்றித் தாமே ஓர் இதழும் நடத்தினார்.

1989ஆம் ஆண்டில் ‘கேம் பாய்’ என்னும் கையடக்கப் பொறி வெளிவந்தது. அத்தகைய பொறிகள் இரண்டினை ஒரு கம்பியால் இணைக்கலாம். ஒருவரோடு ஒருவர் போட்டியிடுவதற்கே பிறர் அக்கம்பியைப் பயன்படுத்தினர். தஜிரியோ, அக்கம்பியின் வழியே ஒரு வண்டு ஒரு பொறியிலிருந்து மற்றொன்றுக்கு ஊர்ந்து செல்வதாகக் கற்பனை செய்தார். அக்கற்பனையை ஆட்டமாக்க ஆறு ஆண்டுகள் சென்றன. 1996ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த அதன் பெயர் ‘போக்கிமான்’.

அவ்வாட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக அது விற்கப்பட்டது. பிடித்துச் சேர்க்க வேண்டிய விந்தை உயிர்கள் 150. ஆனால், சிவப்புப் பதிப்பில் கிடைக்கும் சில பச்சையில் கிடையா. பச்சையில் உள்ள சில சிவப்பில் இல்லை. மேலும், சில உயிர்கள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறினால்தான் வளர்ச்சி பெறும். எவ்வளவு திறமையுடையவனாயினும் ஒருவன் தனித்திருந்து அவ்வாட்டத்தை நிறைவு செய்ய இயலாது. அடுத்த வீட்டுக் கதவையோ, பள்ளித் தோழனையோ அவன் நாடியே தீர வேண்டும். கூச்சம் மிக்க பிள்ளைக்கும் பேச்சைத் தொடங்க ஒரு காரணம் கிடைத்தது. கேம் பாய் பொறியின் காலம் முடிந்தது என்று வணிகர் கருதியிருந்த வேளையில், இவ்வாட்டத்தால் அது மீண்டும் விற்பனையில் ஓங்கியது. தஜிரி இழந்தது குளக்கரையை மட்டுமன்று; அக்கரையில் வண்டுகளை மாற்றிக்கொண்ட தோழமையையும் இழந்திருந்தார். பின்னதையேனும் மீட்டுத் தந்தது அவருடைய பெருஞ்செயல்.

பிரிவிலிருந்து பிறந்த ஆட்டம் மற்றொன்றும் உண்டு. கட்சுயா எகுச்சி என்பவர் சிபா மாவட்டத்தில் வளர்ந்தவர். நிண்டெண்டோவில் வேலை கிடைத்ததால் சுற்றத்தையும் நண்பரையும் விட்டுக் கியோத்தோ நகருக்குக் குடிபெயர்ந்தார். அத்தனிமை அவரை வருத்தியது. அந்நினைவினின்று அவர் அமைத்ததே 2001இல் வெளிவந்த ‘அனிமல் கிராசிங்’. ஒரு சிற்றூர், அதில் சில வீடுகள், மீன்பிடித்தல், மரம் நடுதல், கடிதம் எழுதுதல் ஆகியனவே அங்கு நிகழும் செயல்கள். வெல்லுதலும் தோற்றலும் அதில் இல்லை. வீட்டில் உள்ளோர் வெவ்வேறு வேளைகளில் அச்சிற்றூருக்குள் சென்று வரலாம். பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளை அங்கே ஒரு கனியைப் பறித்து வைத்துச் செல்லும். இரவு பணி முடிந்து வந்த தந்தை அதனைக் கண்டு மறுமொழி எழுதி வைப்பார். ஒரே நேரத்தில் அமர இயலாத குடும்பத்தார்க்கு இவ்வாறு ஒரு பொது முற்றம் கிடைத்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில், கொரோனா நோயால் உலகெங்கும் வீடுகள் அடைபட்டிருந்த வேளையில், இவ்வாட்டத்தின் புதிய பதிப்பு வெளிவந்தது. ஒருவரையொருவர் காண இயலாத மக்கள் அத்திரைத் தீவுகளில் பிறந்தநாள் கொண்டாடினர். பட்டமளிப்பு விழாக்களும் திருமணங்களும் அங்கே நிகழ்ந்தன.

கம்பியின் நீளம் சில அடிகளே. கடல் கடந்தோரை இணைக்க வேறு வழி வேண்டும். அவ்வழியை முதலில் கண்டோரும் மாணவரே. இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற ராய் டிரப்ஷா 1978இல் ‘மட்’ என்னும் ஆட்டத்தைத் தொடங்கினார். அவருடைய தோழர் ரிச்சர்டு பார்ட்டில் அதனை வளர்த்தார். அதில் படம் ஒன்றும் இல்லை, யாவும் எழுத்தே. “வடக்கே செல்” என்று எழுதினால், வடக்கே உள்ள இடத்தின் வருணனை திரையில் தோன்றும். அங்கே மற்றொருவர் இருப்பின் அவரோடு எழுத்தாலேயே உரையாடலாம். பல்கலைக்கழகத்தின் பொறி ஓய்ந்திருக்கும் நள்ளிரவு வேளைகளில், வெளியாரும் தொலைபேசிக் கம்பி வழியாக அதனுள் புகுந்தனர். பலர் ஒரே காலத்தில் உலவும் கற்பனை உலகம் என்பது அன்று முளைத்தது.

அது பெருமரமாகி நின்றது, 2004ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் ஆட்டத்தில் எனலாம். இத்தகைய ஆட்டம் இயங்கும் முறை அறியத்தக்கது. கற்பனை நாட்டின் மலையும் காடும் ஆடுவோர் ஒவ்வொருவர் கணிப்பொறியிலும் பதிந்திருக்கும். யார் எங்கே நிற்கிறார், என்ன செய்தார் என்னும் செய்திகளை மட்டும் நிறுவனத்தின் நடுநிலைக் கணிப்பொறிகள் நொடிதோறும் பெற்று மற்றையோர்க்கு அனுப்பும். அதனால், ஆஸ்லோவில் ஒருவர் ஒரு பொத்தானை அழுத்த, இலண்டனில் உள்ளவர் திரையில் ஒரு வீரன் கையசைப்பான்.

அந்நாட்டில் பெரும்பகைகளை ஒருவர் வெல்லல் இயலாது. முன்னின்று அடிதாங்குவோர், பின்னின்று எய்வோர், காயம் ஆற்றுவோர் எனத் தொழில் வகுத்துக்கொண்டு போரிட வேண்டும். தொடக்கத்தில் சில போர்களுக்கு நாற்பதின்மர் தேவைப்பட்டனர். நாற்பதின்மர் குறித்த இரவில் குறித்த நேரத்தில் கூடுவதென்றால், ஒருவர் சொல்லை ஒருவர் நம்ப வேண்டும். வாராதவரை எண்ணிக் கவலையுற வேண்டும். இவ்வாறு குழாங்கள் தோன்றின. குழாங்களில் நட்புத் தோன்றியது. போரைப் பெரிதாகக் கருதாமல், தாம் ஏற்ற வேடத்திற்கு ஏற்ப உரையாடி நாடகம் போல வாழ்வதையே விரும்பிய குழாங்களும் இருந்தன. ‘ஸ்டார்லைட்’ என்பது அத்தகையது. அதன் உறுப்பினர் ஏறத்தாழ முப்பதின்மர். அவர்களுள் இபெலின் ரெட்மோர் என்பவன் ஒருவன். உயர்குடியில் பிறந்த துப்பறிவாளன், கட்டான உடலினன், நாள்தோறும் அந்நாட்டின் வழிகளில் அரைமணி நேரம் ஓடிய பின்னரே பிற செயல்களைத் தொடங்குபவன்.

இபெலினை இயக்கியவரால் ஓட இயலாது. அவர் பெயர் மாட்ஸ் ஸ்டீன். 1989ஆம் ஆண்டில் பிறந்தவர். நார்வே நாட்டின் தலைநகராகிய ஆஸ்லோவில் வாழ்ந்தவர். அவர் நான்கு வயதுக் குழந்தையாய் இருந்தபோது, ‘டூஷேன்’ என்னும் தசைநலிவு நோய் அவரைப் பற்றியிருப்பது தெரிந்தது. தசைகளைக் காக்கும் ஒரு புரதம் உடலில் உண்டாகாமையால் வருவது இந்நோய். பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே பற்றும். முதலில் கால்கள் சோரும், பின் கைகள், இறுதியில் மூச்சும் நெஞ்சும் தளரும். மாட்ஸ் சிறுவயதிலேயே சக்கர நாற்காலியில் அமர்ந்தார். மற்றைச் சிறுவர் பந்தாடும் நேரத்தில் இக்குழந்தை என்ன செய்யும் என்னும் ஏக்கம் பெற்றோர்க்கு இருந்தது. ஆதலின் திரை விளையாட்டுக்கு அவர்கள் தடை சொல்லவில்லை.

ஆண்டுகள் சென்றன. மகன் விளையாட்டிலேயே மூழ்கியிருந்தார். வாழ்வின் இறுதிப் பத்தாண்டுகளில் அவர் ஆடியது 15,000 மணி நேரத்திற்கு மேல் என்று கணக்கிட்டுள்ளனர். பெற்றோர் வருந்தினர். இரவு பதினொரு மணிக்கேனும் உறங்கச் செல்லலாகாதா என்று அவர்கள் கடிந்துகொள்வதும் உண்டு. பகலெல்லாம் பள்ளிக்கும் பணிக்கும் செல்லும் நண்பர்கள் இரவில்தான் அங்கே வருவர் என்பதை அவர்கள் அறிந்தாரல்லர். மகன் ஒரு பொறியோடு ஆடுகிறார் என்றே எண்ணினர். மனிதரோடு வாழ்கிறார் என்று எண்ணவில்லை. நட்பும் காதலும் பிறர்க்கு உதவும் வாய்ப்பும் மகனுக்குக் கிட்டாமற் போயினவே என்பதே அவர்களுடைய ஆறாத் துயரம்.

மாட்ஸ் தம் நோயைப் பற்றித் திரை நண்பரிடம் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. மருத்துவமனையில் கிடந்து பல நாள் வாராதிருந்தபோது, காரணம் அறியாத தோழர் சிலர் குறைப்பட்டுக்கொண்டதும் உண்டு. 2013ஆம் ஆண்டில் தம் வாழ்க்கையைப் பற்றி இணையத்தில் எழுதத் தொடங்கினார். அதன் பிறகே நண்பர் பலரும் உண்மையை அறிந்தனர். 2014ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள், தம் இருபத்தைந்தாம் வயதில், அவர் உயிர் நீத்தார்.

மகன் இணையத்தில் எழுதிவந்த பக்கத்திலேயே தந்தை ராபர்ட் ஸ்டீன் இறப்புச் செய்தியை வெளியிட்டு, தம் மின்னஞ்சல் முகவரியையும் கீழே சேர்த்தார். யாரேனும் ஓரிருவர் எழுதக்கூடும் என்பதே அவர் நினைப்பு. வந்த கடிதங்களோ பல, பல நாடுகளிலிருந்து வந்தன, நீண்ட கடிதங்கள். எழுதியவர் ஒவ்வொருவரும் தமக்கு இபெலின் செய்த ஒரு நன்மையைக் குறித்திருந்தனர். ஹாலந்து நாட்டுச் சிறுமி ஒருத்தியின் பெற்றோர், படிப்புக் கெடுமென்று அவளது கணிப்பொறியைப் பறித்துவிட்டனர். தோழரைப் பிரிந்து அவள் உள்ளம் சோர்ந்திருந்தபோது, மாட்ஸ் அப்பெற்றோர்க்குக் கடிதம் எழுதி, நட்பின் அருமையை எடுத்துரைத்தார். டென்மார்க்கில் ஒரு தாய்க்கு மகனோடு பேசவோ அவனைத் தழுவவோ இயலவில்லை. அவன் ‘ஆட்டிசம்’ என்னும் தன்மையுடையவன். தாயும் மகனும் விளையாட்டுக்குள் சந்தித்துப் பழகலாமே என்று வழிகாட்டியவர் மாட்ஸ். திரையில் மகனுடைய வீரன் தாயின் உருவத்தைத் தழுவிக்கொண்டான்.

அவர் என்றும் இனியவராகவே இருந்தார் என்பதற்கில்லை. நோய் முற்றிய காலத்தில் நண்பரிடம் கடுகடுத்ததும், அவர்கள் நேர்நின்று கண்டித்ததும் உண்டு. கடிந்துரைக்கும் உரிமை உண்மை நட்புக்கே உரியதன்றோ?

ஆஸ்லோவில் நடைபெற்ற அடக்கச் சடங்கிற்கு ஹாலந்து, பின்லாந்து, டென்மார்க், இங்கிலாந்து முதலிய நாடுகளிலிருந்து ஸ்டார்லைட் குழாத்தினர் வந்திருந்தனர். பயணத்திற்குப் பொருளில்லாதார்க்கு மற்றையோர் பொருள் திரட்டி உதவினர். பெற்றோர் அவர்கள் முகத்தை அன்றுதான் முதன்முறையாகக் கண்டனர். குழாத்தினருள்ளும் பலர் அதற்குமுன் மாட்ஸின் முகத்தை நேரிற் கண்டதில்லை.

இக்கதையை நார்வே ஒலிபரப்பு நிறுவனம் 2019இல் வெளியிட, அது பல நாடுகளுக்கும் பரவியது. அவர்களுடைய உரையாடல்கள் ஏறத்தாழ 42,000 பக்க அளவில் பதிவாகியிருந்தன. அவற்றைக் கொண்டு பெஞ்சமின் ரே என்னும் இயக்குநர் உருவாக்கிய ஆவணப் படம் 2024இல் வெளிவந்து பரிசுகள் பெற்றது. அதே ஆண்டில் அவ்வாட்டத்தின் நிறுவனம் இபெலின் நினைவாக ஒரு சிறு நரியை விளையாட்டில் சேர்த்து விற்று, வந்த பொருளை அந்நோய்க்கு மருந்து காண முயல்வோர்க்கு அளித்தது.

இதனைப் படித்துவிட்டு, எத்தனை மணி நேரம் ஆடினும் தீங்கில்லை என்று முடிவு கட்டுதல் பிழை. மாட்ஸுக்கு வேறு களம் மூடப்பட்டிருந்தது; ஓடியாடும் உடலுடைய பிள்ளைக்கு அவ்வாறன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனமும் ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது. மணிக்கணக்கைக் கொண்டு அந்நோய் முடிவு செய்யப்படுவதன்று என்பது கருதத்தக்கது. ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று எண்ணியும் நிறுத்த இயலாமை, பிற கடமைகள் அனைத்தும் அதற்குப் பின்னே தள்ளப்படுதல், தீங்கு கண்கூடாகத் தெரிந்தும் தொடர்தல் ஆகியன பொதுவாகப் பன்னிரண்டு திங்கள் நீடித்தால்தான் அதனை நோய் என்பர். சீன அரசு 2021இல் இன்னும் கடுமையாக நடந்துகொண்டது. பதினெட்டு வயது நிரம்பாதவர் வெள்ளி, சனி, ஞாயிறுகளிலும் பொது விடுமுறை நாட்களிலும் மாலை 8 மணி முதல் 9 மணி வரையே இணைய ஆட்டம் ஆடலாம் என்று விதித்தது. முகம் அறியாரின் இழிசொல், சிறுவரின் காசைக் கறக்கும் தந்திரம் ஆகியவையும் திரைக்குள் மலிந்தே உள்ளன. ஆனால், 2020ஆம் ஆண்டுத் தொற்றுக் காலத்தில், விலகியிருந்தவாறே கூடி விளையாடுங்கள் என்று விளையாட்டு நிறுவனங்கள் மேற்கொண்ட இயக்கத்தை ஆதரித்தது, நோய்ப் பட்டியல் வகுத்த அதே சுகாதார நிறுவனம்தான்.

களம் மூடப்பட்டோர் மாட்ஸ் ஒருவர் மட்டுமல்லர். கை விரல்கள் இயங்காதோர்க்குச் சாதாரணக் கைப்பிடிகள் பயன்படா. பெருமுயற்சியுடைய சிலர், தம் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று பொத்தான்களைத் தாமே பிரித்துப் பொருத்தித் தந்து வந்தனர். 2018ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவர்க்கென்றே ஒரு கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. தட்டையான ஒரு பலகை. அதன்மேல் உள்ளங்கை அகலத்தில் இரு பெரும் பொத்தான்கள். பின்புறத்தில் வரிசையாகப் பத்தொன்பது துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஆடுபவரின் உடல்நிலைக்கேற்ற ஒரு விசையைச் செருகிக்கொள்ளலாம். ஒருவர் காலால் மிதிப்பார். ஒருவர் முழங்கையால் தட்டுவார். மற்றொருவர் தலையைச் சாய்த்துக் கன்னத்தால் அழுத்துவார். திரையில் வீரன் ஓடுவான். கடலுக்கு அப்பால் அமர்ந்து அவனோடு ஆடுபவர்க்கு, அவன் எவ்வாறு ஓடுகிறான் என்பது தெரியாது.